வாசுதேவநல்லூர் மண்

மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் பிரயாணம் செய்வோர், சிவகிரியைத் தாண்டியதும் வாசுதேவநல்லூரைக் காண்பார்கள். ஊர்ப் பெயரில் இருப்பவர் வாசுதேவர். பிரசித்தி பெற்ற கோயிலில் இருப்பவரோ சிந்தாமணிநாதர், அதுவும் அம்மையோடு ஓருருவான அர்த்தநாரீசுவரராக. ஹரியையும் ஹரனையும் அம்பிகையையும் ஒருங்கே வைத்துப் போற்றும் ஊர் என்று நாம் இதனைக் கூறலாம்.

ஆயினும் சரித்திரத்தில் இவ்வூர் இடம் பெற்றது மண்கோட்டையினாலேயே. அருகிலுள்ள நெற்கட்டும்செவலிலிருந்து ஆண்ட பூலித்தேவர், ஆர்க்காட்டு நவாபுக்கும் அவருக்குத் துணை நின்ற கும்பினியாருக்கும் கப்பம் கட்ட மறுத்தவர். 1759-ம் வருஷக் கடைசியில் யூசுப்கான் திருவாங்கூர்ப் படையின் உதவியோடு வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டான். உள்ளிருந்தோர் மதிலைக் காத்தனர். வெளியிலிருந்து பூலித்தேவர் முற்றுகைப் பாசறையைத் தாக்கினார். முற்றுகை பலிக்கவில்லை. 1761-ல் கோட்டை யூசுப்கான் வசமாயிற்று. அவனையே 1764-ல் நவாபும் கும்பினியும் சேர்ந்து மதுரையில் தூக்கிலிட்டது விதியின் விசித்திரம்! 1767-ல் கர்னல் டொனால்டு காம்பெல் மீண்டும் இக்கோட்டையைத் தாக்க நேர்ந்தது என்றால், இவ்வூராரின் உறுதியைப் பற்றி வேறு என்ன சொல்ல வேண்டும்?

நேயர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். கல்மதில் குண்டு பட்டால் பிளக்கும். மண்மதிலோ குண்டைத் தன்னுள்ளே வாங்கிக்கொள்ளும். அவ்வாறு பீரங்கியைத் தாங்கிய மண் இன்று சென்ட் கணக்கில் விலை பேசப்படுகிறது.

இங்குள்ள ஜனங்கள் பெரும்பாலும் விவசாயத்தையும் அதனைச் சார்ந்த வியாபாரத்தையும் நம்பி வாழ்பவர்கள். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் நீரும் கிணறும் குளமுமே அவர்கள் செல்வம். படித்த பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் பட்டணங்களுக்குப் போகிறார்கள்; அவர்கள் அனுப்பும் பணம் வீடாகவும் மனையாகவும் ஊருக்குத் திரும்புகிறது. திண்ணையும் ஓடும் உள்ள பழைய வீடுகளின் பக்கத்தில் காங்கிரீட் மாடிகள் எழும்புகின்றன. 2019-ல் தென்காசி தனி ஜில்லாவானதும் இப்பக்கத்து ஊர்களுக்கு ஜில்லாத் தலைநகரம் கிட்டத்தில் வந்துவிட்டது.

நிலம் வாங்குவோருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. கல் நட்டுக் கொடி கட்டிய வயல் எல்லாம் மனையாகிவிடாது. 2016 அக்டோபர் 20 முதல், அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவில் புதிதாக மனை விற்பதைப் பதிவு செய்யச் சட்டம் தடை விதிக்கிறது. அதற்கு முன் ஏற்பட்ட பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. ஆகவே தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு மனைப்பிரிவின் அங்கீகாரத்தையும் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்கவேண்டும். பூர்விக வீடாயின், பங்காளிகள் அனைவரின் கையெழுத்தும் அவசியம். சகோதரியின் பங்கை மறந்து எழுதிய பத்திரம் பிற்பாடு கோர்ட்டு வாசலில்தான் முடியும்.

குளத்துக்கு வரும் ஓடையை அடைத்து வீடு கட்டினால் முதல் பெருமழையே வாடகை கேட்க வந்துவிடும். வீடு வேண்டும், வயலும் குளமும் அதைக்காட்டிலும் வேண்டும். அன்று அந்நியரிடமிருந்து இம்மண்ணைக் காக்க முன்னோர் மதில்மேல் நின்றார்கள். இன்று நம்முடைய ஆசையிடமிருந்தே அதைக் காக்கவேண்டிய பொறுப்பு நம்மைச் சேர்ந்தது.