இலையுதிர்காலமும் கால்நடை ஏலமும்: பிரித்தானிய மலைப்பண்ணைகளின் விற்பனை வழக்கு குறித்த ஒரு விளக்கம்

தாமஸ் ஹார்டி 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ என்னும் ஆங்கிலப் புதினம் ஒரு சந்தையில் தொடங்குகின்றது. மது மயக்கத்தில் இருக்கும் ஹென்சார்டு என்னும் உலர்புல் கட்டும் தொழிலாளி, ஒரு கூடாரத்தில் தன் மனைவியை ஏலம் கூறி, கடலோடி ஒருவனுக்கு ஐந்து கினிக்கு விற்றுவிடுகின்றான். இப்பகுதியைக் கற்பிப்போர் அச்செயலின் கொடுமையை விரிவாகப் பேசுவர், அது முறையே. ஆயினும், கூடாரத்திற்கு வெளியே கிழட்டுக் குதிரைகளை ஏலம் விடுபவரின் குரல் கேட்பதும், அதன் பின்னரே மனைவியையும் அவ்வாறு ஏலத்தில் விட்டால் என்ன என்ற பேச்சு ஹென்சார்டின் வாயில் பிறப்பதும் பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை. அச்சந்தை செப்டம்பர் நடுவில் கூடுகின்றது என்பதும் அவ்வாறே கடந்து செல்லப்படுகின்றது. இலையுதிர்காலத்தில் கால்நடைகள் ஏன் விற்கப்படுகின்றன, அவை ஏலத்திற்கு வந்தது எவ்வாறு என்பனவற்றை, சிறப்பாக ஸ்காட்லாந்தின் மலைப்பண்ணைகளை முன்வைத்து, இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

புல் நிற்கும் காலம்

‘இலையுதிர்காலம்’ என்பது தமிழில் பிற்காலச் சொல்லாக்கம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அறுபருவப் பகுப்பில் அதற்கு நேரான இடம் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர், மாதக் கணக்கில் ஓரளவு பொருந்தி வரலாம். ஆனால், தமிழகத்தில் அது வடகிழக்குப் பருவமழை பெய்து மேய்ச்சல் நிலம் பசுமை கொள்ளும் காலம். பிரித்தானியாவிலோ அம்மாதங்களில் புல்லின் வளர்ச்சி நின்றுவிடுகின்றது. மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கினால் புல் தழைப்பதில்லை. ஆண்டு முழுவதும் வெட்டினாலும் வெட்டினாலும் புல் முளைக்கும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளரும் நம் மாணவர்க்கு, ‘இலையுதிர்காலம்’ என்ற சொல் மரங்களைக் காட்டுமேயன்றி இப்புல்லைக் காட்டாது.

மலைப்பண்ணையின் ஆண்டுக் கணக்கு புல்லைச் சுற்றியே அமைகின்றது. பசுக்கள் பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில் ஈனுமாறு, முந்தைய கோடையிலேயே காளை மந்தையில் விடப்படுகின்றது. கன்றுகள் கோடை முழுவதும் தாயின் மடியிலும் மலைப்புல்லிலும் வளர்கின்றன. இப்பசுக்களிடம் பால் கறப்பதில்லை. பால் முழுவதும் கன்றுக்கே. அக்டோபர் அளவில் கன்று பால்குடி மறக்கும்போது ஏறத்தாழ 250 முதல் 350 கிலோ வரை எடை கொண்டிருக்கும். அதன்பின் ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு மாடுகளைத் தொழுவத்தில் கட்டி, சேமித்த உலர்புல்லையும் ஊறுகாய்ப்புல்லையும் கொண்டே காக்க வேண்டும். மலையில் அத்தீவனம் குறைவு. தாய்ப்பசுக்களுக்கே அது போதும் போதாததாக இருக்கும். சமவெளியிலோ வாற்கோதுமையும் வைக்கோலும் மிகுதி. ஆகவே கன்றுகள் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குகின்றன. அங்கே கொழுக்க வைக்கப்பட்டுப் பின் இறைச்சிக்குச் செல்கின்றன.

இதனோடு மற்றொரு நெருக்கடியும் முற்காலத்தில் இருந்தது. ஸ்காட்லாந்தில் நிலவாடகை செலுத்தும் தவணை நாள்களுள் ஒன்று நவம்பர் 11, அதாவது புனித மார்ட்டின் திருநாள். விற்க முடியாத மாட்டைக் குளிர்காலத்திற்காக வெட்டி உப்பிட்டு வைப்பதும் அக்காலத்தை ஒட்டியே நிகழ்ந்தது. தீவனம் தீரும் வேளையும் வாடகை கேட்கும் வேளையும் ஒன்றாக வந்தன.

சந்தையிலிருந்து ஏலக்களத்திற்கு

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இவ்விற்பனையின் நடுவிடமாக ஃபால்கிர்க் சந்தை விளங்கியது. ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் ஆகிய மாதங்களில் அது கூடியது; அக்டோபர்ச் சந்தையே மிகப் பெரியது. மந்தை ஓட்டிகள் மலைநாட்டுப் பண்ணைகளில் மாடுகளைப் பெரும்பாலும் கடனுக்கு வாங்கி, நாளொன்றுக்கு 10 அல்லது 12 மைல் என நடத்தி வந்தனர். ஸ்கை தீவின் மாடுகள் ஒன்றன் வாலோடு மற்றொன்றின் தாடையைக் கயிற்றால் பிணைத்துக் கைல்ரே நீரிணையில் நீந்த வைக்கப்பட்டன. கரடான சாலைகளில் நெடுந்தொலைவு நடக்க வேண்டிய மாடுகளுக்கு லாடமும் அடிக்கப்பட்டது. விற்பனைக்குப் பின்னும் நடை ஓயவில்லை; பல மாடுகள் இங்கிலாந்தின் நார்ஃபோக் மேய்ச்சல் நிலம் வரை சென்றன.

அச்சந்தையில் ஏலம் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் பேரம் பேசி, உள்ளங்கையில் கை தட்டி முடித்தனர். விலை அவ்விருவருக்கே தெரியும். தமிழக மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் இங்கு நினைவுக்கு வருவது இயல்பே.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலும் இருப்புப்பாதையும் வந்தபின் மந்தை நடை தேய்ந்தது. தொடர்வண்டி நிலையங்களின் அருகே ஏலக்களங்கள் எழுந்தன. ஸ்காட்லாந்தின் எல்லைப்புற நகரான ஹாயிக்கில் 1817இலேயே கால்நடை ஏலம் தொடங்கியிருந்தது. இச்சொல்லைப் பற்றி ஒன்று கூறலாம். ‘ஏலம்’ என்பது ‘லெய்லாவோ’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு என்பர் அகராதியியலார். நாம் நாள்தோறும் கேட்கும் மலாய்ச் சொல்லாகிய ‘லெலோங்’ என்பதும் அதன் வழி வந்ததே.

ஏலக்களத்தில் விலை அனைவர் காதிலும் விழுகின்றது. ஆண்டிற்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கும் குடியானவர், நாள்தோறும் மாடு வாங்கும் வணிகரை எதிர்கொள்ளும் இடத்தில் இது சிறு நன்மை அன்று. எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில் வணிகருக்கு இருந்த மேலாண்மையும் பின்னர்க் குறைந்தது. சந்தைகளில் எடைக்கருவி வைக்க வேண்டும் என 1887இல் சட்டம் இயற்றப்பட்டது. இன்று மாடு வட்டக் களத்திற்குள் நுழையும்போதே அதன் எடை பலகையில் ஒளிர்கின்றது. விலை படிப்படியாக ஏறுகின்றது. ஒரு தலையசைப்பிலோ விரலசைப்பிலோ கேள்வி முடிகின்றது. ஓராண்டு உழைப்பின் பயன் ஓரிரு நிமிடங்களில் தெரிந்துவிடும்.

எனினும், விலை வெளிப்படையாவதால் விற்பவர் உரிமை பெற்றுவிடுகிறார் என்று கொள்வதற்கில்லை. கேட்ட விலை போதாதென மறுத்து மாட்டைத் திரும்ப ஓட்டிச் செல்ல அவருக்கு இடமுண்டு. ஆனால் எந்தப் புல்லுக்கு ஓட்டிச் செல்வது? வாங்குபவர் அடுத்த வாரமும் வரலாம். மலையில் இருப்பவரின் தீவனம் ஒவ்வொரு நாளும் குறைகின்றது. ஏலம் விலையைக் கண்டறியும் முறையை மாற்றியதேயன்றி, இப்பருவ நெருக்கடியை மாற்றவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

2001ஆம் ஆண்டு இதனை வேறொரு வழியில் காட்டியது. அவ்வாண்டு பிப்ரவரியில் பிரித்தானியாவில் கோமாரி நோய் கண்டறியப்பட்டது. ஹெக்சம், லாங்டவுன் சந்தைகளின் வழியாகச் சென்ற ஆடுகள் நோயைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு சென்றிருந்தன. கால்நடைச் சந்தைகள் மூடப்பட்டன. 2002 பிப்ரவரியில்தான் அவை மீண்டும் திறக்கத் தொடங்கின. அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றுள் பல நோயுற்றவை அல்ல. இடம்பெயர்க்க முடியாமல் தீவனமும் இடமும் போதாது போனமையால், அரசின் இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ்க் கொல்லப்பட்டவை. ஏலக்களம் திறவாத அவ்விலையுதிர்காலத்தில், குறைந்த விலை என்பதுகூட மலைப்பண்ணைகளுக்கு வாய்க்கவில்லை.

கினியும் கைக்காசும்

பழைய வழக்குகள் சில ஏலத்திலும் ஒட்டிக்கொண்டுள்ளன. விற்றவர், வாங்கியவரைத் தேடிச் சென்று நற்பேற்றுக்கென ஒரு சிறு தொகையைக் கையில் வைப்பது அவற்றுள் ஒன்று. முகம் பார்த்துக் கை தட்டி முடித்த பேரத்தின் எச்சம் இது எனலாம். மற்றொன்று கினிக் கணக்கு. கினி என்னும் பொன் நாணயம் 1814இல் இறுதியாக அச்சிடப்பட்டது. அதன் மதிப்பு 21 ஷில்லிங். பவுண்டோ 20 ஷில்லிங். நாணயம் மறைந்த பின்னும், ஸ்டர்லிங் நகரில் ஒவ்வோர் அக்டோபரிலும் நடைபெறும் இனக்காளை ஏலத்தில் விலை கினியிலேயே கூறப்படுகின்றது. 1971இல் தசம நாணய முறை வந்தபின் ஒரு கினி என்பது 1 பவுண்டு 5 பென்சு. வாங்குபவர் கினியில் செலுத்த, விற்பவர் பவுண்டில் பெறுவார். இடையிலுள்ள ஷில்லிங் ஏலம் விடுபவரின் தரகு என்பது வழக்கமாகக் கூறப்படும் விளக்கம்.

ஹார்டியின் கடலோடி ஐந்து பவுண்டுக்கான தாள்களை மேசைமீது எறிந்துவிட்டு, அவற்றின்மேல் ஒன்று, இரண்டு என ஐந்து ஷில்லிங் நாணயங்களைத் தனித்தனியே வைப்பான். தாளோடு நிறுத்தாமல் அச்சில்லறையை அவன் ஏன் எண்ணி வைக்கின்றான் என்று மாணவர் கேட்பின், ஐந்து கினி என்பது ஐந்து பவுண்டும் ஐந்து ஷில்லிங்கும் என்பதைக் கூறலாம். கூடாரத்திற்கு வெளியே குதிரைகளுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த அதே செப்டம்பர் மாலையில், சூசனுக்கு அக்கணக்கில் விலை தீர்க்கப்பட்டது.