தனியாக வந்து கூட்டத்தில் நடப்பவர்கள்

தைப்பூசத்தை ஒட்டிய இரவில் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். அது போய்ச் சேரும் பத்துமலை முருகன் குகைக் கோயில் அங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ரதம் ஜாலான் ஈப்போ வழியாக ஊர்ந்து மலையடிவாரம் சேர்வதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிடும். பின்னால் நடப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். தாத்தா முன்னால், பேரன் தோளில், பால்குடம் அத்தையின் தலையில். ஆனால் சற்றுக் கவனித்தால் வேறொரு வகையினரும் கண்ணில் படுவார்கள். கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலேறி வந்த தொழிற்சாலை இளைஞர், பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பெண், வேண்டுதல் என்னவென்று வீட்டில்கூடச் சொல்லாமல் கிளம்பி வந்த நடுத்தர வயதுக்காரர். மூவரும் தனியாக வந்தவர்கள்தாம். நடப்பதோ லட்சக்கணக்கானவர்களுக்கு நடுவில்.

இதே அனுபவத்தைச் சுற்றுலா நிறுவனங்கள் இப்போது ‘வெல்னஸ் ரிட்ரீட்’ என்று பெயர் சூட்டி விற்கின்றன. தனியாக வாருங்கள், முன்பின் அறியாதவர்களோடு ஒரு வாரம் யோகா செய்யுங்கள், நடங்கள், அளவாகச் சாப்பிடுங்கள், புது ஆளாகத் திரும்புங்கள் என்கிறார்கள். தனி அறை வேண்டுமென்றால் பல இடங்களில் அதற்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. பத்துமலையில் மோர் இலவசம். தம்புசாமி பிள்ளை என்பவர் 1890-களின் தொடக்கத்தில் அந்தக் குகையில் முருகனின் வேல் ஒன்றை நிறுவினார். 1892-இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. விரதம், சைவ உணவு, வெறுங்கால் நடை, கடைசியில் 272 படி. ரிட்ரீட்காரர்களின் நிகழ்ச்சி நிரலில் இருப்பதில் எது இங்கே குறைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மசாஜாக இருக்கலாம்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். யாரையும் தெரியாத கூட்டத்தோடு சேர்ந்து நடப்பதால் உடம்பிலும் மனத்திலும் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா? கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் கோயில் வாசலுக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

முதலில் சொல்ல வேண்டிய செய்தி தனியாளுக்குச் சாதகமானதல்ல. ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிக்கே என்றொரு கிராமம். ஆண்டுதோறும் ஜூன் மாதம் அங்கே தீமிதி நடக்கும். மிதிப்பவர் பெரும்பாலும் இன்னொருவரை முதுகில் சுமந்துகொண்டு தணலில் நடப்பார். அங்கே தீ மிதித்தவர்களுக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் பட்டைகளைக் கட்டினார்கள். 2011-இல் வெளியான முடிவு இது: மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதத்திலேயே, வெறுமனே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களின் இதயம் அப்படி ஒத்துப்போகவில்லை. ஒரே மைதானம், ஒரே தீ, ஒரே கூச்சல். ஆனாலும் உறவில்லாதவரின் நெஞ்சு தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் கிள்ளான் இளைஞர் வந்ததே வீணா? அவர் அங்கே உட்கார்ந்து பார்க்க வரவில்லை. நடக்கிறார், உறுமி மேளத்துக்கு அடி வைக்கிறார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் துடுப்புப் படகு வீரர்கள் பன்னிரண்டு பேரை வைத்து 2010-இல் ஒரு சிறு சோதனை வெளியானது. உடற்பயிற்சி எந்திரத்தில் ஒருநாள் தனித்தனியாக 45 நிமிடம் துடுப்புப் போட்டார்கள். இன்னொரு நாள் அதே பயிற்சியைக் குழுவாக, ஒரே தாளத்தில் செய்தார்கள். இரண்டு நாளும் பயிற்சி முடிந்ததும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக் காற்றை ஏற்றி, எந்த அழுத்தத்தில் வலி தொடங்குகிறது என்று பார்த்தார்கள். உழைப்பு இரு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். சேர்ந்து செய்த நாளில் வலி தாங்கும் அளவு கூடுதலாக உயர்ந்திருந்தது. அவர்கள் ஒரே அணியினர், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரேசிலில் பள்ளி மாணவர்களைச் சிறு குழுக்களாக ஆடவைத்து நடத்திய 2015-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நுணுக்கமானது. ஒரே அசைவில் ஆடுவது, மூச்சு வாங்க ஆடுவது என்று இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். இரண்டும் தனித்தனியாகவே வலி தாங்கும் அளவை உயர்த்தின; கூட ஆடியவர்கள் மேல் நெருக்கத்தையும் கூட்டின. ரதத்தின் பின்னால் மேளத்துக்கு ஆடிக்கொண்டு போகிறவருக்கு இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன.

இந்த இடத்தில் ‘எண்டார்ஃபின்’ என்ற சொல் வந்தே தீரும். உடம்பே சுரக்கும் வலி நிவாரணி என்பதால் விளக்கம் பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் மேற்சொன்ன சோதனைகளில் அளந்தது வலியை, எண்டார்ஃபினை அல்ல. வலி குறைந்ததை வைத்து அது சுரந்திருக்கும் என்று ஊகித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வாட்ஸ்அப் பகிர்வுகளில் இந்த ஊகம் நிரூபணமாக மாறிவிடுகிறது.

எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருவது அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜ்) நடந்த ஆய்வு. அங்கே மாக மேளாவில் ‘கல்பவாசிகள்’ எனப்படும் யாத்ரீகர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், குளிர்காலத்தில் ஒரு மாதம் கங்கைக்கரைக் கூடாரத்தில் தங்கிப் பனிக்குளிர் நீரில் முழுகி எழுவார்கள். மருத்துவரைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். இந்திய, பிரிட்டன் உளவியலாளர்கள் சேர்ந்து 416 யாத்ரீகர்களையும், போகாமல் ஊரிலேயே இருந்த 127 பேரையும் மேளாவுக்கு ஒரு மாதம் முன்பும் முடிந்து ஒரு மாதம் பின்பும் சந்தித்து உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்டார்கள். 2012-இல் வெளியான முடிவின்படி, போய்வந்தவர்களின் நலம், அவர்கள் வாய்மொழிப்படி, ஊரில் இருந்தவர்களோடு ஒப்பிட மேம்பட்டிருந்தது. அதே குழுவினர் பிறகு செய்த ஆய்வில், மற்றவர்களும் தானும் ஒன்று என்ற எண்ணம் யாருக்கு வலுவாக இருந்ததோ அவர்களுக்கே பலன் கூடுதலாகத் தெரிந்தது. இந்த எண்ணத்துக்கு முன்னறிமுகம் தேவையில்லை.

சத்தத்தை வைத்து அவர்கள் செய்த சோதனை இன்னும் சுவாரசியம். என்னவென்று பிரித்தறிய முடியாத இரைச்சல் பதிவு ஒன்றை யாத்ரீகர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். சிலரிடம் இது மேளாவின் சத்தம் என்றார்கள், சிலரிடம் நகரத் தெருவின் சத்தம் என்றார்கள். மேளா என்று நம்பியவர்கள் அதே இரைச்சலை அதிக நேரம் கேட்டார்கள், அது இதமாகவும் இருந்ததாம். ஜாலான் ஈப்போவில் விடிகாலை மூன்று மணிக்கு நான்கு உறுமிக் குழுக்கள் ஒரே நேரத்தில் முழங்க, அதற்கு நடுவே நடைபாதை ஓரம் துண்டை விரித்துத் தூங்குபவர்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அவர்களே மறுவாரம் பக்கத்து வீட்டுக் கரோக்கேவுக்குப் போலீசைக் கூப்பிடுவார்கள்.

‘நம்மாள்’ என்ற இந்த உணர்வு எப்படி உண்டாகிறது என்று தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். பெயரை யாரும் கேட்பதில்லை. “அண்ணே, சீராப் தண்ணியா, மோரா?” என்று ஒரு கை நீளும். “தனியாவா வந்தீங்க? கொஞ்சம் உட்காருங்க, கால் வீங்கியிருக்கு பாருங்க” என்று ஒரு அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்துவார். குடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். மொத்தப் பழக்கமும் இரண்டு நிமிடம்தான். பந்தலுக்குப் பந்தல் அதுவே தொடர்கிறது.

காவடியையே நேரடியாக ஆராய்ந்தவர் டிமிட்ரிஸ் ஸிகலடாஸ் என்ற மானுடவியலாளர். களம் மொரீஷியஸ், அங்குள்ள தமிழ் வம்சாவளியினரின் தைப்பூசம். 2013-இல் வெளியான ஆய்வில், அலகுக் காவடி எடுத்து முடித்தவர்களுக்கும் கூட நடந்து வந்தவர்களுக்கும் ஆளுக்கு 200 மொரீஷியஸ் ரூபாய் கொடுத்து, விரும்பினால் கோயிலுக்கு யாருக்கும் தெரியாமல் நன்கொடை தரலாம் என்றார்கள். வேறொரு நாள் கூட்டுப் பிரார்த்தனைக்கு மட்டும் வந்தவர்களிடமும் இதையே செய்தார்கள். பிரார்த்தனைக்காரர்கள் சராசரியாக 81 ரூபாய் தந்தார்கள். காவடி எடுத்தவர்கள் 133. கூட நடந்தவர்கள்? 161. அலகு குத்திக்கொள்ளாமல் பக்கத்தில் நடந்தவரின் மனமும் சற்றும் குறையாமல் இளகியிருக்கிறது. காவடிக்காரர்களின் உடலியக்கத்தையும் தூக்கத்தையும் உடலில் அணியும் கருவிகளால் வாரக்கணக்கில் கண்காணித்த அவரது 2019-ஆம் ஆண்டு ஆய்வு, அலகால் உடல்நலம் கெட்டதாகக் காணவில்லை. அதிக வலியை ஏற்றவர்களே தங்கள் மனநலம் அதிகம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். நாள்பட்ட நோய் உள்ளவர்கள் கூடுதல் அலகு குத்திக்கொள்கிறார்கள் என்றும் அது பதிவு செய்தது. காவடியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தவறவிடும் செய்தி இது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு அலகு குத்திக்கொண்டால் மனச்சோர்வு தீரும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பலன் பெரும்பாலும் அவரவர் வாய்மொழி. போக விரும்பியவர்கள் போனார்கள், விரும்பாதவர்கள் போகவில்லை. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரைக் காவடி எடுக்கவைக்க எந்த ஆய்வாளராலும் முடியாது.

தனியாக வருபவர் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. கூட்டத்தோடு தாளத்தில் நடந்தால் வலி மங்குகிறது என்றால், கல் குத்திய வலியும் கொப்புளத்தின் வலியும் சேர்ந்தேதான் மங்கும். மலேசியாவின் 2019 தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் கூடுதல். நீண்ட நாள் நீரிழிவில் பாத நரம்புகள் கெட்டு, உள்ளங்காலில் உணர்வு ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்தக் காலோடு வெறுங்காலாக 15 கிலோமீட்டர் நடந்தால் காயம் பட்டதே தெரியாது. தெரியவரும்போது சீழ் வைத்திருக்கும். குடும்பத்தோடு வந்தவருக்கு மகளோ மனைவியோ பாதத்தைப் பார்த்துச் சொல்வார்கள். தனியாக வந்தவர் முதலுதவிக் கூடாரத்திலாவது காலை நீட்டிக் காட்டுவது நல்லது. சர்க்கரை உள்ளவர் அடிவாரம் வரை செருப்போடு நடந்து, படிக்கட்டின் கீழே கழற்றினால் போதும். மேலே போய் இறங்கியதும், பேருக்கு ஒரு பார்வை பார்க்காமல், கைப்பேசி வெளிச்சத்தில் விரலிடுக்கு வரை பார்த்துவிட வேண்டும்.