கைப்பையில் ஒரு சீசா அத்தர்

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர் போன வருஷம் விமானம் ஏறினார். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. மகளுக்கு அங்கேதான் பிரசவம். ஷூ கம்பெனியில் இருபது வருஷம் 'அப்பர்' தைத்தவர் இந்த அம்மாள். அவர் தைத்த ஜோடுகள் எத்தனையோ தடவை கடல் கடந்து போயிருக்கின்றன. அவர் கடப்பது இதுதான் முதல் தடவை!

பெரிய பெட்டியில் மசாலாப் பொடியும், பேரப் பிள்ளைக்குச் சட்டையும், மகளுக்குப் பிரசவ மருந்துச் சாமானும். கைப்பையில் தம்முடைய சில்லறைச் சாமான்கள்: சுருமா டப்பி, பவுடர் டின், முகத்துக்குக் கிரீம், ஒரு சீசா அத்தர்.

அந்த அத்தர், காலமாகிவிட்ட அவருடைய கணவர் ஒரு பெருநாளைக்கு வாங்கித் தந்தது. பெரிய கண்ணாடிச் சீசா. அடியில் கொஞ்சந்தான் மிச்சம். குழந்தை பிறந்ததும் அதன் சட்டையில் ஒரு துளி தொட்டு வைக்க வேண்டும் என்பது அம்மாளின் ஆசை. தாத்தாவைப் பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, அவருடைய வாசனையாவது குழந்தைக்குத் தெரியட்டுமே!

பாதுகாப்புச் சோதனையில் பை நின்றது.

"அம்மா, இது நூற்றைம்பது மில்லி சீசா. உள்ளே எடுத்துப் போக முடியாது."

"நல்லாப் பாரும்மா. உள்ளே பத்து மில்லிகூட இருக்காதே!"

"உள்ளே இருப்பது கணக்கில்லை அம்மா. சீசாவின் அளவுதான் கணக்கு."

வாதாடிப் பயன் இல்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. வழியனுப்ப வந்த மகன் வெளியே நின்றுவிட்டான். பெரிய பெட்டியோ முன்பே விமானக் கம்பெனியாரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. காவலில் இருந்த அந்தப் பெண் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு, "முந்தானையிலே கொஞ்சம் தொட்டுக்குங்கம்மா" என்றாள் தணிந்த குரலில். அம்மாள் தொட்டுக்கொண்டார். சீசா தொட்டிக்குள் போயிற்று.

"முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் சின்னச் சீசாவில் ஊற்றி எடுத்துப் போயிருப்பேனே!" என்று அவர் என்னிடம் சொன்னார். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இந்தக் கெடுபிடி?

கெடுபிடிக்குக் காரணம் உண்டு. நம் மீனம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984 ஆகஸ்ட் 2-ம் தேதி இரவு, கொழும்பு விமானத்துக்கென்று வந்த பெட்டியில் இருந்த குண்டு அங்கே வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மறு வருஷம் ஜூன் 23-ம் தேதி ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறி, அதிலிருந்த 329 பேரும் இறந்தார்கள். அங்கேயும் குண்டு பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டியைக் கொடுத்த ஆசாமி விமானத்தில் ஏறவே இல்லை! இதற்குப் பிறகு 1987-ல் நம் நாட்டில் விமானப் பாதுகாப்புக்கென்றே தனி இலாகா ஏற்பட்டது.

முகப்பூச்சும் ஸென்ட்டும் சந்தேகத்துக்கு ஆளானது 2006 ஆகஸ்ட் 10-ம் தேதி. லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் விமானங்களை நடுவானில் தகர்க்க நடந்த சதியை அன்று பிரிட்டிஷ் போலீஸார் முறியடித்தார்கள். சதிகாரர்கள் வெடிமருந்தைக் கொண்டுபோக நினைத்தது குளிர்பானப் பாட்டில்களில். அதற்கு அவர்கள் நம்பியிருந்த சரக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு. பெயரைக் கேட்டதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆம், அழகு நிலையத்தில் கூந்தலை வெளுக்கச் செய்ய உபயோகிக்கிறார்களே, அதே சரக்குதான்!

அன்று பிரிட்டனில் பிரயாணிகள் கைப்பையே எடுத்துப் போகக் கூடாது என்றார்கள். அத்தியாவசியமானவற்றை மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் கொண்டு போகலாம். குழந்தையின் பாலைக்கூடத் தாயார் தாமே ருசித்துக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

சில வாரங்களில் கட்டுப்பாடு தளர்ந்து, 100 மில்லி லிட்டர் விதி பிறந்தது. எக்ஸ்ரே யந்திரத்தின் கண்ணுக்குப் பன்னீரும் ஒன்றுதான், பொல்லாத திரவமும் ஒன்றுதான். ஆகவே, கொஞ்சமாக இருந்தால் கெடுதல் செய்ய முடியாது என்ற கணக்கில் அளவைக் குறைத்துவிட்டார்கள்.

எது திரவம்?

வெளிநாட்டு விமானங்களுக்கு விதி இதுதான்: ஒவ்வொரு சீசாவும் 100 மில்லிக்கு மேற்படக் கூடாது. எல்லாச் சீசாக்களும் ஒரு லிட்டர் கொள்ளும் தெளிந்த பிளாஸ்டிக் பை ஒன்றில் அடங்க வேண்டும். பையின் வாய் மூட வேண்டும். ஆளுக்கு ஒரே பை.

தண்ணீர் மாதிரி ஓடினால்தான் திரவம் என்று எண்ணாதீர்கள். பிதுக்கினால் வருவதும், தடவினால் இழைவதும், அழுத்தினால் பீச்சுவதும் இவர்கள் கணக்கில் திரவமே. ஸ்நோ, கிரீம், பவுண்டேஷன், பற்பசை, கண்ணுக்குத் தீட்டும் திரவ மை, நகப்பூச்சு, தலைக்குத் தடவும் ஜெல், தேங்காய் எண்ணெய், அத்தர், ஸென்ட் எல்லாம் இதில் சேரும். உருட்டு லிப்ஸ்டிக், கட்டிச் சோப்பு, பென்சில் மை, சாந்துக்குப் பதிலாக ஒட்டுப் பொட்டு இவற்றுக்குத் தடை இல்லை.

பவுடர் திரவம் இல்லை. ஆனாலும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். 2018 ஜூன் 30 முதல், 350 மில்லி அளவுக்கு மேல் தூள் கைப்பையில் இருந்தால் அங்கே கெடுபிடி அதிகம். பவுடர் டின், மருதாணிப் பொடி, சீயக்காய், மஞ்சள் தூள் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் வைத்துவிடுவதே உத்தமம்.

நகப்பூச்சை அழிக்கும் திரவம் சட்டென்று தீப்பற்றும். ஷூ கம்பெனியில் பசைச் சட்டியின் அருகே நெருப்பைக் கொண்டுபோக விடமாட்டார்களே, அதே காரணந்தான். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கத்தரி, பிளேடு எல்லாம் பெரிய பெட்டிக்கு. செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பாங்கு மட்டும் நேர் எதிர்: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

மருந்துக்கும் கைக்குழந்தையின் ஆகாரத்துக்கும் பிரயாணத்துக்கு வேண்டிய அளவு விலக்கு உண்டு. வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சிகிச்சை முடிந்து விமானத்தில் திரும்புகிறவர்கள், டாக்டர் சீட்டை மருந்தோடு சேர்த்தே வைத்திருப்பது நல்லது.

கட்டும் கலை

புறப்படுவதற்கு முதல் நாளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சீசாக்களில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டுங்கள். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பது போலக் குறைந்துவிடும். சீசாவில் அடைபட்ட காற்று விரிந்து, கிரீமை வெளியே தள்ளும். ஆகையால் சீசாவை லேசாக அமுக்கிக் காற்றைப் போக்கிவிட்டு மூடுங்கள். மூடிக்கு அடியில் ஒரு துண்டுப் பிளாஸ்டிக் தாள் வைத்தால் இன்னும் பத்திரம். பட்டுப் புடவை பிழைக்கும்!

பிளாஸ்டிக் பையைக் கைப்பையின் மேலாக வையுங்கள். கேட்டதும் எடுத்துத் தட்டில் வைத்துவிடலாம்.

உள்நாட்டு விமானங்களில் திரவத்துக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனால் சென்னையிலிருந்து டில்லி போய் அங்கே வெளிநாட்டு விமானத்துக்கு மாறுவதானால், மறுபடி சோதனை உண்டு என்பதை மறக்காதீர்கள். புது மாதிரி யந்திரங்கள் வந்திருக்கும் சில ஐரோப்பிய விமான நிலையங்களில் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதை நம்பி மோசம் போக வேண்டாம். போகும் இடத்தில் தளர்வு, திரும்பும் இடத்தில் கண்டிப்பு என்றும் இருக்கலாம்.

உடம்பைச் சோதிப்பார்களே என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் நாட்டில் பெண்களைப் பெண்களேதான், திரை மறைவில் சோதிக்கிறார்கள்.

கடைசியாக, நம் பக்கத்துச் சரக்கைப் பற்றி. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் தெரியும்: பல ஷூக்களின் வளைவில் ஓர் உருக்குத் தகடு இருக்கும். யந்திரத்தைக் கூவ வைப்பது அதுதான். 2001 டிசம்பர் 22-ம் தேதி பாரிஸிலிருந்து மியாமி போன விமானத்தில் ஒருவன் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்துக் கொளுத்தப் பார்த்தான். அதன் விளைவாக அமெரிக்க விமான நிலையங்களில் பல வருஷம் எல்லோரும் ஜோடுகளைக் கழற்றி நடந்தார்கள். 2025 ஜூலையில்தான் அங்கே அந்த விதியை எடுத்தார்கள். மற்ற இடங்களில் கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும். வார் கட்டும் ஜோடுகளைவிடச் சட்டென்று கழற்றும் செருப்பே அன்றைக்குச் சௌகரியம்.

ஆம்பூர் அம்மாளின் கதையை முடிக்கவில்லையே! ஜெர்மனிக்குப் போய் மூன்று வாரம் கழித்துக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அதுவரை அந்தச் சேலையை அவர் தண்ணீரில் நனைக்கவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் பேத்தியை முதன்முதலாக வாங்கிக்கொண்டது அந்த முந்தானையில்தான்.

"வாசனை இருந்ததா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

திரும்பி வரும்போது மகள் அவர் கையில் ஒன்று கொடுத்தனுப்பினாளாம்: பத்து மில்லி கொள்ளும் குட்டிச் சீசாக்கள், அரை டஜன்!