முகத்தில் மங்கு வருவது ஏன்?

பிள்ளை உண்டான பெண்களின் முகத்தைப் பாருங்கள். சிலருக்கு இரண்டு கன்னத்திலும் கருநிறம் படரும். நெற்றியிலும் மேலுதட்டிலும்கூட வரும். இதை நாம் மங்கு என்கிறோம். அமரவிளையில் மலையாளம் பேசுகிறவர்கள் கரிமாங்கல்யம் என்பார்கள். பெயர் இரண்டு. விஷயம் ஒன்று.

"கண்ணு பட்டுப் போச்சு" என்பார் ஒருவர். "பொம்பளப் பிள்ளைதான் பிறக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டும் சரியல்ல.

நம் தோலில் நிறம் செய்யும் செல்கள் இருக்கின்றன. அவை செய்யும் நிறத்துக்கு மெலனின் என்று பெயர். வெயில் பட்டால் அவை கூடுதலாக நிறம் செய்யும். தோலைக் காக்கத்தான் அப்படிச் செய்கின்றன. தொழிலுறுதி வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் முன்கையைப் பார்க்கட்டும். ரவிக்கை மறைத்த தோளையும் பார்க்கட்டும். வித்தியாசம் தெரியும்.

பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. ஹார்மோன் என்றால் ரத்தத்தில் ஓடிச் சேதி சொல்லும் பொருள். மாதவிலக்கு முறையாக வருவது இவற்றால்தான். கர்ப்ப காலத்தில் இவை பல மடங்கு கூடும். இந்தச் சேதி தோலுக்கும் போகிறது. "இன்னும் நிறம் செய்" என்கிறது.

தொப்புளுக்குக் கீழே ஒரு கருங்கோடு விழுவதைக் கர்ப்பிணிகள் அறிவார்கள். முலைக்காம்பும் கறுக்கும். அங்கெல்லாம் வெயில் படுவதில்லையே! அது ஹார்மோன் செய்யும் வேலை. முகத்திலோ ஹார்மோனும் வெயிலும் சேர்ந்துகொள்கின்றன. அம்மாவுக்கு மங்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆண்களுக்கும் வரும், ஆனால் குறைவு.

பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு மங்கு மெல்ல மறையும். அதற்கு மாதக்கணக்காகும். சிலருக்கு மறையாமல் நிற்கும்.

மாலா-என், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரைகளிலும் இதே வகை ஹார்மோன்கள் உண்டு. அதனால் சிலருக்கு மங்கு வரும். உடனே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பம் தரித்துவிடும். ஆஷா அக்காவிடம் சொல்லுங்கள். காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது. வேறு வழிகளும் இருக்கின்றன.

மங்கு உயிருக்கு ஆபத்தில்லை. அதற்குப் பூசும் கிரீம்தான் சில சமயம் ஆபத்து.

மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீரக நோயாளிகள் பலர் வந்தார்கள். அவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. மருத்துவர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! அந்த மாதிரிக் கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். முகம் வெளுக்கும். ஆனால் அது தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும். 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் கடைகளைச் சோதித்தது.

ஸ்டீராய்டு கிரீமும் அப்படித்தான். முதலில் முகம் தெளியும். பிறகு தோல் மெலியும், எரியும், முடி முளைக்கும். நிறுத்தினால் மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை வாங்கக் கூடாது.

வெளியே போகும்போது குடை பிடியுங்கள். மழைக்கு மட்டுமா குடை? தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். மங்கு மறையாவிட்டால் நெய்யாற்றின்கரை அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம். இதுவரை பூசிய கிரீமின் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். அதில் எழுதியிருப்பதை மருத்துவர் படித்துப் பார்ப்பார். போகும் முன் நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.