மணலில் கற்ற பாடம்

சீமையார் நமக்கு இஞ்சினீயரிங் கற்பித்தார்கள் என்பது பள்ளிக்கூடப் பாடம். அவர்களுள் தலைசிறந்த ஒருவர் நம் முன்னோரிடம் பாடம் கேட்டதை அறிந்தவர் சிலரே.

1803-ல் பிறந்த ஆர்தர் காட்டன், பதினாறாம் பிராயத்தில் சென்னைப் பட்டாளத்து இஞ்சினீயர் படையில் சேர்ந்து, 1821-ல் இந்தியா வந்தார். சர்க்கார் அவரை நீர்ப்பாசன மராமத்துக்கு அனுப்பியது. அக்காலத்தில் பள்ளமான கொள்ளிடம் காவிரி நீரை இழுத்துக்கொள்ள, தஞ்சை வயல்கள் வாடின. கொள்ளிடத்தை மறிக்கவேண்டும், ஆனால் தோண்டத் தோண்ட மணலே! அஸ்திவாரம் எங்ஙனம்?

விடை கல்லணையில் இருந்தது. பெருங்கற்கள் தம் பாரத்தாலேயே மணலில் அமிழ்ந்து அசைவற்று நிற்க, அவற்றின்மேல் அணை எழுந்திருந்தது. ஆழங்காணா மணலில் அஸ்திவாரமிடும் வித்தையை இந்நாட்டு முன்னோரிடமே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் எழுதினார். 1836-ல் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் எழுந்தன. 1847-ல் தொடங்கிய தவளேசுவரம் அணை, 1852-ல் முடிந்து கோதாவரிப் பிரதேசத்தைச் செழிப்பித்தது.

ரயில் பாதையினும் வாய்க்காலே ஜனங்களுக்கு முக்கியமென்று அவர் ஓயாது வாதித்தார். 1876-78 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். 1878-ல் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் அம்முதியவர் மீண்டும் முறையிட்டார், கமிட்டி இணங்கவில்லை. 1899-ல் காலமானார்.

அவருடைய மேலணையில் ஒன்பது மதகுகள் 2018 வெள்ளத்தில் இடிந்து போயின. கல்லணையோ நிற்கிறது. அணையைக் கட்டியவரைப் போற்றினால் மட்டும் போதாது. அதைப் பேணுவதும் நம் கடமையன்றோ?