பட்டையும் பாட்டும்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என நீளும் நம் வட்டாரத்தில் பிறந்தவர்க்குத் தோலின் வாடை ஒரு பொருட்டன்று. வெளியூரார் பேருந்தில் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில், வீடு நெருங்கிவிட்டதென்று நாம் பையைக் கையில் எடுத்துக்கொள்கிறோம். ஆயினும் நம் பங்குகளிலுள்ள முதியோரைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மற்றொரு வாடையையும் நினைவுகூர்வர். அது மரப்பட்டையின் வாடை.

குரோமிய உப்பு வந்து எல்லாவற்றையும் விரைவாக்கிவிடுவதற்கு முன், சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை ஆவாரம்பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்கில் கிடத்துவார்கள். முடிவில் கடுக்காய் நீரில் தோய்த்து எடுப்பார்கள். ஆவாரம்பட்டை சமவெளியின் வறண்ட நிலத்திலிருந்து வந்தது. கடுக்காயோ, சவ்வாது மலை போன்ற மலைகளில் வாழும் மக்கள் காட்டில் பொறுக்கிச் சுமந்து வந்தது. நம் தொழிலுக்கும் காட்டுக்கும் இருந்த உறவு அந்நாளில் ஒரு மூட்டை அளவினதாயிருந்தது.

தொழில் பெருகவே ஆவாரை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து 'வாட்டில்' எனும் மரத்தின் பட்டையும் சாறும் கப்பலேறி வந்தன. விடுதலைக்குப் பின், அந்நியச் செலாவணியை ஏன் வீணாக்க வேண்டும், நம் மலையிலேயே வளர்ப்போமே என்று முடிவாயிற்று. ஆஸ்திரேலியாவில் பிறந்த அம்மரத்தை ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரிக்குக் கொண்டுவந்திருந்தனர். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் வனத்துறை அதனை நீலகிரியிலும் பழனி மலையிலும் பெரும் பரப்பில் நட்டது. நீலகிரி மக்கள் அதனைச் சீகை மரம் என்பர்.

எங்கே நட்டார்கள் என்பதில்தான் செய்தி இருக்கிறது. மலையுச்சியில் இறைவன் வகுத்த ஒழுங்கு ஒன்றுண்டு. பள்ளங்களில் சோலைக்காடு; சரிவுகளில் புல்வெளி. சோலை என்பது பாசி படர்ந்த குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் குளிர்ந்த மழைக்காடு. புல்வெளி மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடும். அதனை வெற்று நிலமென்று எண்ணியவர்கள் மரம் நட்டார்கள். சீகை புல்லை மூடியது. சோலையின் ஓரங்களிலும் புகுந்தது. அதன் விதை பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, மரத்தை வெட்டியதும், நெருப்பு வைத்ததும் முளைத்தெழுவது.

சில ஆண்டுகளுக்கு முன் பங்கு இளைஞர்களோடு உதகைக்குச் சுற்றுலா சென்றிருந்தபோது, ஓர் அடர்ந்த தோப்பினுள் நின்று 'என்ன அழகான காடு!' என்று வியந்து நிழற்படம் எடுத்துக்கொண்டோம். அது காடன்று, நம் ஊர்த் தொட்டிகளுக்காக நடப்பட்ட சீகை என்பதை வழிகாட்டியாக வந்தவர் சொல்லித்தான் அறிந்தோம். அந்தப் படம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

அந்தப் புல்வெளி யாருடையது? தோடர் எனும் பழங்குடியினர், ஏறத்தாழ 2,000 பேரே உள்ள சிறு கூட்டத்தார், அங்கே தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்து வந்தனர். எருமையின் பாலைச் சுற்றியே அவர்களது வழிபாடு அமைந்துள்ளது. உதகைக்கு அருகே முத்தநாடு மந்தில் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் அவர்களது பால் கோயிலுக்குக் கூரை வேயச் சதுப்பு நிலத்துப் புல்வகை ஒன்றே உகந்தது. புல்வெளி சுருங்கவே எருமையும் அருகியது, கூரைப்புல்லும் அரிதாயிற்று.

தோடர் ஊர்வலம் போனவர்களல்லர். அவர்கள் பாடினார்கள். எம். பி. எமனோ என்ற அமெரிக்க மொழியறிஞர் 1930-களில் அவர்களிடையே தங்கிக் கேட்ட பாடல்களைத் தொகுத்து 1971-இல் பெருநூலாக வெளியிட்டார். ஒவ்வொரு மேட்டுக்கும் ஓடைக்கும் எருமைக்கும் அப்பாடல்களில் பெயருண்டு. அரசு ஏடுகளில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் அங்கே பெயர் பெயராக வாழ்கிறது. இதனினும் வலிய சாட்சி எந்த நீதிமன்றத்துக்குத் தேவை என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பாட்டைச் சாட்சியாக ஏற்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் இல்லை.

பெண்களின் கலை ஊசியில் இருக்கிறது. வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமான நூலால், கோடு வரைந்துகொள்ளாமல், இழைகளைக் கண்ணால் எண்ணியே அவர்கள் பூவேலை செய்கின்றனர். பூத்துக்குளி எனும் அந்தப் போர்வையைத்தான் இறந்தவர்க்கும் போர்த்துவர். 2013-இல் இக்கைவேலை புவிசார் குறியீடு பெற்றது. உதகையில் நல்ல தருண் சாப்ரா எனும் பல் மருத்துவர் ஒருவர் தோடரோடு பழகி, அவர்களது மொழியைக் கற்று, அவர்களது நிலவியலையே நூலாக எழுதினார். புல்லை மீண்டும் வளர்க்கும் பணியிலும் இறங்கினார்.

கலை ஊர்வலம் போன கதையும் அண்டையிலேயே உண்டு. நீலகிரிக்கு மேற்கே, பாலக்காட்டு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையைத் தடுத்து மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் முனைந்தது. 1973-இல் திட்டக்குழு இசைவு தந்தது. ஏறத்தாழ 830 ஹெக்டேர் மழைக்காடு நீரில் மூழ்க இருந்தது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்டனர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி குரல் கொடுத்தார். ஆனால் ஊர்ச் சந்தியில் மக்களை நிறுத்திக் கேட்கவைத்தவர்கள் கவிஞர்கள். சுகதகுமாரி மரத்தைப் போற்றி எழுதிய கவிதை கூட்டங்களின் தொடக்கப் பாடலாயிற்று. 'மரக்கவி' என்று ஏளனம் செய்தனர். பாட்டினால் விளக்கெரியுமா என்றனர். கேள்வி நியாயமற்றதன்று, வடகேரளத்துக்கு மின்சாரம் தேவையாகவே இருந்தது. எனினும் 1983-இல் திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 7-இல் பிரதமர் இராஜீவ் காந்தி அதனைத் திறந்துவைத்தார்.

அந்த வெற்றியிலும் ஒரு குறை உண்டென்று நாம் கருதுகிறோம். சிங்கவால் குரங்கைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அடுத்திருந்த அட்டப்பாடியின் இருளர், முதுகர், குறும்பர் பற்றி எவரும் பேசவில்லை. அவர்களது குரல் நாடெங்கும் கேட்க வெகுகாலமாயிற்று. அட்டப்பாடியில் ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த நஞ்சியம்மா, தம் இருளர் மொழியில் தாமே இயற்றிப் பாடிய திரைப்பாடலுக்காக 2022-இல் தேசிய விருது பெற்றார்.

திருச்சபையும் இதில் வெளியே நிற்கவில்லை. செண்பகனூரில் வாழ்ந்த சேசு சபையின் ஆங்கிலாத் அடிகளார் பழனி மலைச் செடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்தார். அவர் வழியில் வந்த கே. எம். மத்தேயு அடிகளார், திருச்சி தூய வளனார் கல்லூரியின் இரபினாட் தாவரக் காட்சியகத்திலிருந்து பல தொகுதிகளாகத் தமிழகத்துத் தாவர நூல்களையும் கோட்டோவிய நூல்களையும் வெளியிட்டார், 2004-இல் மறைந்தார். இன்று சோலையை மீட்க விரும்புவோர்க்கு எந்த மரம் அம்மலைக்கு உரியது என்று காட்டுபவை அவ்வேடுகளே. அமேசான் காட்டிலோ விலை உயிராகவே இருந்தது. சிறு உழவரோடும் காட்டோடும் நின்ற அருட்சகோதரி டாரதி ஸ்டாங், 2005 பிப்ரவரி 12-இல் பிரேசிலின் அனாபு ஊரருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 73. திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் அமேசானுக்காக எழுதிய மடலில் அம்மண்ணின் கவிஞர்களின் வரிகளை எடுத்தாண்டார். அங்கே காடு எரிவது பெரும்பாலும் மாட்டு மேய்ச்சலுக்காக. மாடென்றால் தோலும் உண்டு.

பாலாற்றின் கிணறுகள் கெட்டபோது நாம் வழக்காடினோம். வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2025 சனவரியிலும் அதே நீதிமன்றம் அதே துயரைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. அங்கே நாம் பாதிக்கப்பட்டவர்கள். நீலகிரிப் புல்வெளியின் கணக்கிலோ நம் பெயர் மறுபக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கூலிக்குத் தோல் தேய்த்த நம் தந்தையர்க்கு அந்தப் பட்டை எங்கிருந்து வந்ததென்பது தெரியாது; அவர்கள்மேல் குற்றமில்லை. நமக்கு இப்போது தெரிந்துவிட்டது.

2022-இல் தமிழக அரசு அந்நிய மரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. நீலகிரியில் சீகை சில இடங்களில் வெட்டப்படுகிறது. வெட்டிய இடத்தில் மறுமழைக்கே கன்றுகள் முளைக்கின்றன. அவற்றைக் கையால் பிடுங்கி, புல்லை நட்டு, மீண்டும் மீண்டும் பிடுங்கவேண்டியிருக்கிறது. தோடரோ, கோயிலுக்குக் கூரை மாற்றும் காலம் வந்தால், புல் தேடி முன்னிலும் நெடுந்தொலைவு நடக்கின்றனர்.