கிறிஸ்துமஸ் சீட்டும் தண்டல் அட்டையும்: ஒரு டிசம்பர் கணக்கு

நவம்பர் கடைசி வாரம் வந்தாலே வாட்ஸ்அப்பில் சுத்த ஆரம்பிச்சுடும்: "கிறிஸ்துமஸ் செலவைக் குறைக்க 10 வழிகள்". படிச்சுப் பாத்தா ஹீட்டரைக் குறை, ஜன்னல் இடுக்கை அடை என்று இருக்கும். ஏதோ பனி கொட்டுற ஊருக்கு எழுதினது. காலடிப்பேட்டையில குளிர்காலம்னா மழைக்காலத்தோட வால், அவ்வளவுதான். ஏ.சி. ஓடாது, ஃபேனை ரெண்டுல வெச்சாப் போதும். கரண்ட் பில் தானாகவே இறங்குற மாசம் இது.

அப்ப வாசல்ல தொங்கவிடுற ஸ்டார்? அதையும் கணக்கு போட்டுடலாம். 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு, ராத்திரி 12 மணி நேரம், 30 நாள்: 3.24 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 201 முதல் 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 4.50 ரூபாய், ஆக ஸ்டாரின் ஒரு மாசச் செலவு 15 ரூபாய்கூட இல்லை. பழைய 40 வாட்ஸ் குண்டு பல்புன்னா 65 ரூபாய். அதற்குப் பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் கதை மாறவில்லை. கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் என்கிற கோடு. அதே 2022 கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! (அதுக்கு முன்னாடி இருந்த கட்டணத்தில் இந்தத் தாவல் 650 ரூபாய்க்கு மேல்.) உங்க வீடு அந்தக் கோட்டுப் பக்கம் போகலைன்னா ஸ்டாரை நிம்மதியா எரிய விடுங்க.

உண்மையான செலவு வேற இடத்துல இருக்கு. துணி, கேக், பிரியாணி என்று எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதைவிட, அந்தப் பணம் எந்த மாசத்துப் பணம் என்பதில் இருக்கு.

எங்க பக்கத்து வருமானக் காலண்டரைப் பாருங்க. எண்ணூர், காசிமேடு பக்கம் கடலை நம்பி இருக்கிறவங்களுக்கு வடகிழக்குப் பருவமழை மாசங்கள் மெலிஞ்ச மாசங்கள். புயல் எச்சரிக்கைன்னா படகு கரையிலதான். கட்டட வேலை, பெயிண்ட் வேலை செய்றவங்களுக்கும் மழை நாள் கூலி இல்லாத நாள். கம்பெனி வேலைக்காரங்க கொஞ்சம் கொடுத்து வெச்சவங்க. 1965ஆம் வருஷத்து போனஸ் சட்டம் வகுத்த விதிப்படி கணக்காண்டு முடிஞ்ச 8 மாசத்துக்குள்ள போனஸ் தரணும். மார்ச்சில் கணக்கை முடிக்கிற கம்பெனிக்கு அது நவம்பர் 30. நடைமுறையில் தீபாவளிக்கே வந்துடும். கிறிஸ்துமஸ் கொண்டாடுற வீட்டுக்கு இதுல ஒரு சிக்கல்: ஊரே செலவு பண்ற நேரத்துல கைக்கு வந்த பணத்தை டிசம்பர் 20 வரை தொடாம வெச்சிருக்கணும். நான் பாத்தவரைக்கும் அது நடக்கிற காரியம் இல்லை.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. காலடிப்பேட்டை என்ற பெயரே 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் வந்தது. காலெட் பேட்டை, வாய்வழியில் காலடிப்பேட்டை. கம்பெனி வியாபாரத்துக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். அந்தக் காலத்து நெசவுத் தொழிலே முன்பணத்தில் ஓடியது: முதலில் அட்வான்ஸ், பிறகு துணி. மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க முடியாது, தறி ஓய்ந்துவிடும், ஆனால் வயிறு ஓயாது. வருமானமும் செலவும் ஒரே மாசத்தில் சந்திக்காத பிரச்சினை இந்தத் தெருக்களுக்கு 300 வருஷப் பழசு.

அந்த இடைவெளியை அடைக்க இன்றைக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு முன்னாடியே சேர்க்கிறது: கிறிஸ்துமஸ் சீட்டு. இன்னொண்ணு அப்புறமா கட்டுறது: தண்டல். ரெண்டுலயும் நாம மனசுக்குள்ள போடுற வட்டிக் கணக்கு தப்பு, அதுவும் ஒரே காரணத்தால தப்பு.

முதலில் சீட்டு. மாசம் 500 ரூபாய், ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 மாசம் கட்டுறோம், மொத்தம் 6,000. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி 6,500 ரூபாய் மதிப்புக்கு பணமோ மளிகையோ துணியோ வருதுன்னு வெச்சுக்குவோம். "ஒரு மாசப் போனஸ்" என்பார்கள். 6,000க்கு 500, அதாவது 8.33 சதவீதம். (சட்டப்படியான குறைந்தபட்ச போனஸும் இதே 8.33தான். பன்னிரண்டில் ஒரு பங்கு, எங்கேயும் அதே எண்தான் வரும்.)

ஆனா 6,000 ரூபாயும் வருஷம் முழுக்க அவங்ககிட்ட இல்லையே. ஜனவரித் தவணைதான் 12 மாசம் இருந்தது, டிசம்பர்த் தவணை ஒரே மாசம். சராசரியா ஒவ்வொரு தவணையும் ஆறரை மாசம்தான் அவங்க கையில் இருந்திருக்கு. அந்தக் கணக்குல பாத்தா வருஷ வட்டி 15.4 சதவீதம். இதே பணத்தை 6.5 சதவீத வட்டியில ஒரு ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டா கிடைக்கிறது சுமார் 211 ரூபாய். சீட்டு தர்றது 500. வித்தியாசம் 289 ரூபாய்.

பேங்கைவிட ரெண்டு மடங்குக்கு மேல தர்ற அந்த 15 சதவீதம் எங்கேயிருந்து வருது? பொருளாகத் தருகிற சீட்டில் ஒரு பகுதி மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசம். கொத்தவால் சாவடிப் பக்கம் மூட்டையா எடுத்து கிலோ விலையில் பங்கு போட்டால் அங்கேயே கொஞ்சம் நிக்கும். மீதி? சேர்ந்த பணத்தை வட்டிக்கு விடுறதுதான். யாருக்கு? பெரும்பாலும் இதே தெருவில் அவசரப்படுற இன்னொருத்தருக்கு.

இப்ப தண்டல். வடசென்னைக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மத்தவங்களுக்காக: 10,000 ரூபாய்னு எழுதிக்கிட்டு, 1,500 பிடிச்சிக்கிட்டு, 8,500 கையில கொடுப்பாங்க. தினம் 100 ரூபாய், 100 நாள். வீட்டு வாசலுக்கோ கடைக்கோ வந்து வாங்கிக்கிட்டு அட்டையில் டிக் போடுவாங்க. "நூத்துக்குப் பதினஞ்சு ரூபாதானே" என்று தோணும். ஆனா 8,500 ரூபாயும் 100 நாள் நம்மகிட்ட இல்லை, மறுநாளே திரும்பிப் போக ஆரம்பிச்சுடுது. ஸ்ப்ரெட்ஷீட்டில் தினவட்டி கண்டுபிடிச்சா 0.33 சதவீதம் வருது. வருஷத்துக்குச் சுமார் 120 சதவீதம். டிசம்பர் 10ஆம் தேதி வாங்கினா மார்ச் 20 வரை கட்டணும். கேக் தீர்ந்து, பொங்கல் போய், தவக்காலம் வந்த பிறகும் கிறிஸ்துமஸ் துணிக்குத் தினம் 100 ரூபாய் போய்க்கிட்டிருக்கும்.

சேமிப்பில் போனஸ் உண்மையைவிடக் குறைவாத் தெரியுது, கடனில் வட்டி உண்மையைவிட ரொம்பக் குறைவாத் தெரியுது. ரெண்டுக்கும் காரணம் தவணை.

என்னை உறுத்துற விஷயம் இதுதான்: தினம் 100 ரூபாய் தண்டல் கட்ட முடியுற வீட்டால, அதே 100 ரூபாயை செப்டம்பர் 16லேருந்து எடுத்து வைக்கவும் முடிஞ்சிருக்கும். 85 நாள்ல, டிசம்பர் 9 ராத்திரி, அதே 8,500 கையில. பிறகு கட்ட எதுவும் பாக்கி இல்லை. கணக்கு அவ்வளவு சுலபம். வாழ்க்கை இல்லை. நடுவுல தீபாவளி இருக்கு, குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அலமாரியில இருக்கிற பணம் யார் கேட்டாலும் இளகிடும். தண்டல்காரர் தினமும் வருவார். நம்ம சேமிப்பை வாங்க யார் வர்றாங்க?

சில ஊர்ல வர்றாங்க. ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் 'தி புவர் அண்ட் தேர் மணி' என்ற புத்தகத்தில் விஜயவாடாவில் பாத்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியிருக்கிறார். குடிசைப் பகுதிப் பெண்களிடம் 220 கட்டம் போட்ட அட்டை. தினம் 5 ரூபாய் வாங்கி ஒரு கட்டத்தை அடிப்பார். 220 கட்டமும் நிறைந்தால் 1,100 ரூபாய். திருப்பித் தருவது 1,000. அதாவது சேமிக்கிறவங்களே 100 ரூபாய் கூலி கொடுக்கிறாங்க. வருஷக் கணக்கில் சுமார் 30 சதவீதம் மைனஸ் வட்டி! நம்ம தண்டல் அட்டையைக் கண்ணாடியில் பாத்த மாதிரி இருக்கு. முதல்ல படிச்சப்ப ஏமாளித்தனம்னு பட்டது. அப்புறம் தண்டலோட 120 சதவீதத்தோட ஒப்பிட்டா, மைனஸ் 30கூட லாபம்தான். அவங்க வாங்குறது வட்டியை இல்லை, தினமும் வாசலுக்கு வர்ற ஒரு ஆளை.

பிலிப்பைன்ஸில் அஷ்ரஃப், கார்லன், யின் என்ற மூவர் ஒரு வங்கியோடு சேர்ந்து செய்த ஆய்வும் (2006இல் வெளியானது) இதையே சொல்லுது. குறிப்பிட்ட தேதியோ தொகையோ வரும்வரை எடுக்கவே முடியாத கணக்கு, கூடுதல் வட்டி கிடையாது. கேட்டவங்கள்ல 28 சதவீதம் பேர் விரும்பிச் சேர்ந்தாங்க. பலருக்கு இலக்கு கிறிஸ்துமஸ், பிறந்தநாள், ஊர்த் திருவிழா. அமெரிக்காவில் 1909லேயே பென்சில்வேனியாவின் கார்லைல் ஊர் வங்கி ஒன்று "கிறிஸ்துமஸ் கிளப்" ஆரம்பித்துவிட்டது. ஆக நம்ம தெருச் சீட்டு அறியாமை இல்லை. பணத்தை நம்ம கிட்டேயிருந்தே பூட்டி வைக்கிற ஏற்பாடு. அதில் தப்பே இல்லை.

ஆபத்து சாவி யார்கிட்ட இருக்குங்கறதுலதான். இங்கிலாந்தில் ஃபேர்பேக் என்று ஒரு நிறுவனம், கிறிஸ்துமஸ் கூடைக்கும் கூப்பனுக்கும் வருஷம் முழுக்கத் தவணை வாங்கிக்கிட்டிருந்தது. 2006 அக்டோபர் 13 அன்று திவால் நிர்வாகத்துக்குப் போனது. கிறிஸ்துமஸுக்கு பத்து வாரம்தான் பாக்கி. லட்சம் பேருக்கு மேல், ஆளுக்குச் சராசரியா 400 பவுண்டு. வசூலான பணம் தாய் நிறுவனத்தின் கடனுக்குள்ளே போய்விட்டிருந்தது. சீட்டுக்காரர் காணாமப் போறது எப்பவும் பண்டிகைக்கு முந்தைய வாரங்கள்ல நடக்குதுன்னா காரணம் சாதாரணம்: வருஷத்திலேயே பணம் திரும்பி வரவேண்டிய ஒரே நாள் அதுதான். அதுவரைக்கும் ஓட்டை வெளியே தெரியாது.

யாரும் ஏமாத்தலைன்னாலும் தெருச் சீட்டு கவிழலாம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். கூடவே மணலி பக்கத்து வெள்ளத்தோட எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துல கலந்தது. படகும் வலையும் கறுப்பாச்சு, மீன் வாங்க ஆள் இல்லை, கிறிஸ்துமஸுக்கு மூணு வாரம்கூட இல்லை. அரசு ரேஷன் கடை வழியா 6,000 ரூபாய் கொடுத்தது. இப்படி ஒரு மாசத்துல சீட்டு போட்டவங்களுக்கும் பணம் வேணும், அந்தச் சீட்டுப் பணத்தைக் கடனா வாங்கினவங்களாலயும் திருப்ப முடியாது. எல்லாரும் ஒரே தெரு, ஒரே கடல். சாஃப்ட்வேரில் ரெண்டு பேக்கப்பையும் ஒரே சர்வரில் வைக்காதேன்னு சொல்வோமே, அதேதான். 289 ரூபாய் கூடுதல் லாபத்துக்கு நாம வாங்குற ரிஸ்க் இதுதான்.

கடலோரக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல சீட்டு ஒண்ணு அரசாங்கத்திலேயே இருக்கு: மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். பல வருஷமா இருந்துவர்ற கணக்கு: 8 மாசம் 175 ரூபாய், ஒன்பதாவது மாசம் 100, மொத்தம் 1,500. மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து 4,500 ரூபாயா மீன் குறைவான மாசங்கள்ல திரும்ப வரும். மீனவப் பெண்களுக்கும் தனியா உண்டு. எந்தச் சீட்டுக்காரராலும் 1,500க்கு 3,000 போனஸ் தர முடியாது. தொகை சின்னதுதான், ஆனா மெலிஞ்ச மாசத்துக்குன்னே யோசிச்சுச் செய்த திட்டம். சங்கத்துல உறுப்பினரா இருந்தும் இதுல தவணை விட்டவங்க அடுத்த வருஷமாவது விடாதீங்க.

மத்தவங்களுக்கு, இந்த வருஷம் சேர்க்கலை, பணம் வேணும்னா வரிசை இதுதான்: வீட்டுல நகை இருந்தா பேங்க் நகைக்கடன் முதல்ல. 10 சதவீதம்னு வெச்சாலும் 8,500 ரூபாய்க்கு 100 நாள் வட்டி 233 ரூபாய், தண்டல்ல 1,500. மகளிர் குழுவுல உள்கடன் கிடைச்சா அடுத்தது. ஏலச் சீட்டுல இருக்கிறவங்க டிசம்பர்ல எடுக்காம இருக்கப் பாருங்க; எல்லாருக்கும் வேணும்கிற மாசத்துல தள்ளு அதிகமாப் போகும், எடுக்காதவங்களுக்குத்தான் அந்தக் கழிவு லாபம். துணியை தீபாவளிக் கூட்டம் வடிஞ்ச வாரத்துல எம்.சி. ரோட்டுல எடுக்கிறது, உலர்பழத்தை மொத்தக் கடையில நாலு வீடு சேர்ந்து வாங்குறது எல்லாம் நல்லதுதான், சில நூறு மிஞ்சும்.

அடுத்த வருஷத்துக்கு நான் என் சித்திக்குப் போட்டுக் கொடுத்திருக்கிற ஏற்பாடு: ஜனவரி 5ஆம் தேதி பேங்க்ல 11 மாச ரெக்கரிங் டெபாசிட், மாசம் 550, பென்ஷன் வந்த மறுநாள் தானாவே பிடிச்சுக்கிற மாதிரி. டிசம்பர் 5ல முடியும். 6,050 ரூபாயும் மேல கொஞ்சம் வட்டியும். பேங்க் கவிழ்ந்தாலும் 5 லட்சம் வரைக்கும் காப்பீடு உண்டு. தெருச் சீட்டையும் அவங்க விடலை, மாசம் 200 ரூபாய்க்கு அது தனியா ஓடுது. சீட்டு பிடிக்கிற அக்கா வீட்டுக்கு வந்தா ஒரு மணி நேரம் பேசிட்டுப் போவாங்களாம். பேங்க்ல யாரும் அப்படி வர்றதில்லையாம்.